சி.டி. படத்தில் தசையின் பரப்பை அளக்கும்போது

உடலின் தசை அளவை அறிய, மூன்றாம் இடுப்பு முள்ளெலும்பின் குறுக்கு நீட்சிகள் இரண்டும் தெளிவாகத் தெரியும் ஒரு சி.டி. குறுக்குவெட்டுப் படத்தையே பெரும்பாலான ஆய்வாளர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இலவச மென்பொருளான இமேஜ்ஜேவிலேயே இதை அளந்துவிடலாம். ஆனால் டைகாம் கோப்பைத்தான் (மருத்துவப் படங்களுக்கான மூல வடிவம்) திறக்க வேண்டும், ஏனெனில் ஜேபெக்காக மாற்றிய படத்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்கள் (ஒவ்வொரு புள்ளியிலும் திசுவின் அடர்த்தியைக் காட்டும் அளவுகள்) அழிந்துபோயிருக்கும்.

தசைக்கான ஹவுன்ஸ்ஃபீல்டு எல்லையாக (த்ரெஷோல்டு) −29 முதல் +150 வரை கொடுத்தவுடன் தசைகள் சிவப்பாகத் தெரியும். கூடவே சிறுநீரகமும், குடலுக்குள் இருப்பவையும் சிவந்துவிடும். ஆகவே வயிற்றுச் சுவரின் உள்விளிம்பை ஒட்டி நீங்களே கோடு வரைந்து உள்ளுறுப்புகளை விலக்குங்கள். குறிப்பாக, இடப்பக்கம் இறங்கு பெருங்குடல் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் இடத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே கோட்டை நகர்த்துங்கள்.

பலரும் தவறவிடுவது அடுத்த படியைத்தான். அனலைஸ் மெனுவின் 'செட் மெஷர்மென்ட்ஸ்' பகுதியில் 'லிமிட் டு த்ரெஷோல்டு' என்பதைத் தேர்வு செய்யாவிட்டால், தசைகளுக்கு இடையிலுள்ள கொழுப்பும் சேர்ந்து, கோட்டுக்குள் அடங்கிய முழுப் பரப்பும் விடையாக வந்துவிடும்.

கிடைத்த பரப்பைச் சதுர சென்டிமீட்டரில் எழுதி, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும்: 1.60 மீட்டர் உயரமுள்ளவருக்கு 128 ச.செ.மீ. இருந்தால் தசைக் குறியீடு 50 ஆகும். ஒருவரின் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிடுவதானால், இரண்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்தவையாகவோ, இரண்டுமே செலுத்தாமல் எடுத்தவையாகவோ இருக்கட்டும்.