குளியலறையில் வரும் மயக்கம்: நாம் செய்யும் தவறுகள்

குளிக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது என்று யாராவது சொன்னால், நம் வீடுகளில் உடனே கிடைக்கும் விளக்கம் 'பித்தம்' என்பதுதான். இளையவர்கள் 'லோ பிபி' என்கிறார்கள். எலுமிச்சைச் சாறு ஒரு குவளை உள்ளே போனதும் ஆள் தெளிந்துவிடுவதால், பேச்சு அத்தோடு முடிந்துபோகிறது. முதல் தவறு இங்கேயே நிகழ்கிறது. மயக்கம் வந்தது என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் போதாது. வெந்நீரில் நின்று சிறிது நேரம் ஆனபின் வந்ததா, மணையிலிருந்து எழுந்தபோது வந்ததா, கண்ணை மூடித் தலைக்குச் சீயக்காய் தேய்த்தபோது வந்ததா என்பது தெரிந்தால்தான் காரணம் பிடிபடும். கண் இருண்டு கால் துவண்டதா, அல்லது சுவரும் தரையும் சுழல்வதுபோல் இருந்ததா என்பதும் முக்கியம். முன்னது பெரும்பாலும் இரத்த அழுத்தத்தைச் சேர்ந்தது; பின்னது பெரும்பாலும் காதைச் சேர்ந்தது.

அதிகம் காணப்படுவது முன்னதுதான். வெந்நீர் படும்போது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இரத்தம் தோலை நோக்கித் திரும்புகிறது, அழுத்தம் தாழ்கிறது. இதே நேரத்தில் நாம் நின்றுகொண்டும் இருக்கிறோம். உட்கார்ந்தவர் எழுந்து நின்றாலே அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குவதால், இதயத் துடிப்பைக் கூட்டியும் குழாய்களைச் சுருக்கியும் உடல் அதை ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. சூட்டினால் விரிந்துகிடக்கும் குழாய்கள் சுருங்கத் தாமதிக்கும்போது மூளைக்குப் போகும் இரத்தம் சில விநாடிகள் குறைந்து, பார்வை மங்குகிறது. எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 அளவாவது, அல்லது கீழ் அழுத்தம் 10 அளவாவது இறங்கினால், மருத்துவர்கள் அதை ஒரு குறைபாடாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது அவசியம். நாற்காலியில் உட்காரவைத்து ஒருமுறை பார்த்துவிட்டு 'நார்மல்' என்று திரும்பி வருவதில் பயன் குறைவு.

எண்ணெய்க் குளியல் நாளில் இந்தக் காரணங்கள் அத்தனையும் ஒன்றுகூடுகின்றன. வெறும் வயிறு, எண்ணெய் ஊறும்வரை காத்திருப்பு, கைபொறுக்கும் அளவுக்குக் கொதிப்பான வெந்நீர், தாழ்ந்த மணையில் வெகுநேரம் குந்தியிருத்தல், கடைசியில் துண்டை எடுக்கச் சட்டென்று எழுதல். நான் எண்ணெய்க் குளியலுக்கு எதிரி அல்லன். தேய்த்துக் குளிப்பவர் தண்ணீரின் சூட்டைக் குறைத்துக்கொண்டு, குளிக்குமுன் ஒரு குவளை நீரோ கஞ்சியோ குடித்து, எழுவதற்குமுன் காலை நீட்டி மடக்கி, கெண்டைக்கால் தசைகளை நாலைந்து முறை இறுக்கித் தளர்த்தினால் போதும் என்பதே என் வாதம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அக்கினி நட்சத்திர வியர்வை ஆகியவற்றால் உடலில் நீர் குறைந்திருக்கும் நாட்களில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். நிறையச் சாப்பிட்ட கையோடு வெந்நீரில் குளிப்பதும் தவறுதான்; முதியவர்களுக்கு உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம்வரை அழுத்தம் இறங்கக்கூடும்.

சர்க்கரை நோயாளிகள் செய்யும் தவறு ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இன்சுலினைப் போட்டுக்கொண்டு, 'குளித்துவிட்டு வந்து சாப்பிடுகிறேன்' என்று உள்ளே போய்விடுகிறார்கள். இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் படபடப்பும் வரும். ஈர உடம்பில் வியர்வை யாருக்குத் தெரியும்? குளியலை முடித்துவிட்டு ஊசி போட்டு உடனே சாப்பிடுவதே சரியான வரிசை.

மாத்திரைகளும் காரணமாகலாம். இரத்த அழுத்தத்துக்கான மருந்துகள், நீர் பிரிய உதவும் மாத்திரைகள், நெஞ்சுவலிக்கு நாக்கின்கீழ் வைப்பவை, புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் போன்றவை இரத்தக் குழாய்களை விரிப்பதாலோ உடல்நீரைக் குறைப்பதாலோ அழுத்தத்தைத் தாழ்த்துகின்றன. மாத்திரையை விழுங்கிய சிறிது நேரத்தில் வெந்நீரில் நிற்பது இரண்டு மடங்கு சுமை. மயக்கம் வந்தது என்பதற்காக நாமாகவே மருந்தை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. வேளையையோ அளவையோ மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு.

இனி காது. தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கூந்தலை அலசும்போதோ குனிந்து வாளியில் நீர் மொள்ளும்போதோ உலகமே ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுழன்று நின்றால், உள்காதிலுள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்திருக்க வாய்ப்புண்டு. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிச் செய்யும் எளிய பயிற்சி பலருக்கு இதைக் குணப்படுத்துகிறது. ஆனால் நோயாளியோ மாதக்கணக்கில் தலைசுற்றல் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பார். காதுக்குள் போகும் நீரின் சூடும் குளிர்ச்சியும்கூடச் சுழற்சியை உண்டாக்கும். வியன்னாவில் காதுகளைக் கழுவிச் சிகிச்சை அளித்த ராபர்ட் பாரனி, சுழற்சியோடு சேர்ந்து வரும் கண்ணசைவு நீரின் வெப்பநிலையைப் பொறுத்துத் திசை மாறுவதைக் கவனித்தார். உள்காதின் சமநிலை உறுப்பு பற்றிய அவரது ஆய்வுகளுக்கு 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள் தலைக்கு ஊற்றும்போது காதை அடைத்துக்கொள்ள வேண்டியதற்கு இதுவும் ஒரு காரணம். முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவுடன் தள்ளாடுபவர்களுக்கு, கால்களின் நரம்புகள் பழுதுபட்டிருக்கலாம். நாள்பட்ட சர்க்கரை நோயும் வைட்டமின் பி12 குறைவும் இதற்கு வழக்கமான காரணங்கள்.

மேலே சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் பெரும்பாலும் திருத்திக்கொள்ள அவகாசம் இருக்கும். கேஸ் கீசர் விஷயத்தில் அந்த அவகாசமே இல்லை. சன்னல் அடைத்த சிறு குளியலறைக்குள் எரிவாயு எரியும்போது ஆக்சிஜன் குறைந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. 'கேஸ் வாசனை வரவில்லையே' என்ற நிம்மதிக்கு எந்தப் பொருளும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கால் சோர்வு, மயக்கம் என்று சில நிமிடங்களில் நிலைமை முற்றிவிடும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போதும் நல்ல எண்ணையே காட்டும். அந்தக் கருவியால் இரண்டு வாயுக்களையும் பிரித்தறிய முடியாது. ஒரே குளியலறையில் அடுத்தடுத்துக் குளித்த இருவருக்குத் தலை வலித்தால், கீசரை நிறுத்தி எல்லாரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். மருத்துவமனைக்குப் போனால், வீட்டில் கேஸ் கீசர் இருப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில்தான் பொருத்தலாம். உள்ளே வைத்துவிட்டுச் சன்னலைத் திறந்துகொள்ளலாம் என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை; குளிர்ந்தால் சன்னலைச் சாத்துவது மனித இயல்பு.

தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், அதிகம் பதிவான ஒரு நோய் உண்டு: கொதிப்பான நீரைத் தலையில் வேகமாக ஊற்றும்போது வரும் வலிப்பு. குழந்தை தலைக்குக் குளிக்கும் நாட்களில் மட்டும் வெறித்துப் பார்ப்பதோ, பொருளின்றிப் பேசுவதோ, நினைவிழப்பதோ தெரிந்தால், மந்திரிப்பதை விடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரின் சூட்டைக் குறைப்பதே பாதிச் சிகிச்சை.

மயக்கம் வருவதை உணரும் கணத்தில் நாம் செய்வது, துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடப் பார்ப்பது. விழுந்து மண்டை உடைவது அந்த நாலடி நடையில்தான். நின்ற இடத்திலேயே தரையில் உட்கார வேண்டும். இடமிருந்தால் படுத்துவிட வேண்டும். கூச்சத்தைவிட உயிர் பெரிது என்பதால், ஏற்கெனவே ஒருமுறை மயங்கியவர்களும் முதியவர்களும் தாழ்ப்பாள் போடாமல் கதவைச் சாத்திக்கொள்வதே நல்லது. என் தாயாருக்கு இதை ஏற்றுக்கொள்ளச் செய்ய எனக்குப் பல மாதங்கள் ஆயின. ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் சுவரில் ஒரு கைப்பிடியும் வைத்த பிறகு தானாகவே மனம் மாறினார்.

விழுந்தவரைத் தூக்கி உட்காரவைப்பதும், வாயில் தண்ணீர் ஊற்றுவதும் உதவி அல்ல. வாளியில் நீரைச் சூடாக்கும் மின்சாரக் கம்பிச் சுருள் இருந்தால் முதலில் மெயினை அணைத்துவிட்டே தொட வேண்டும். மல்லாத்திப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் சாதாரண மயக்கம் ஓரிரு நிமிடங்களில் தெளியும். தெளியாவிட்டாலும், நெஞ்சுவலியோ படபடப்போ மூச்சுத்திணறலோ இருந்தாலும், பேச்சு குழறினாலும், கை கால் ஒருபக்கம் துவண்டாலும், தலையில் அடிபட்டாலும் 108ஐ அழையுங்கள். தானாகத் தெளிந்துவிட்டாலும், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தால் அன்றைக்கே ஒரு இசிஜி எடுத்துப் பார்த்துவிடுங்கள்.