சென்னையிலிருந்து நெல்லைக்குக் கிளம்பும் முன்: நான்கு டயரும் ஒரு ஸ்டெப்னியும்

எந்த கம்பெனி கார் நல்லது என்ற வாக்குவாதம் முடியவே முடியாது. ஆனால் எந்த கார் ஆனாலும் சாலையைத் தொடுவது நான்கு இடங்களில், ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்தான். 600 கிலோமீட்டருக்கு மேல் ஒரே நாளில் ஓட்டப் போகிறவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது அங்கேதான்.

காற்றிலிருந்து தொடங்கலாம். டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ஆள் நிறைந்தால் எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். பஞ்சர் கடைக்காரர் "எல்லாத்துக்கும் 35 வெச்சிரலாமா?" என்பார், ஸ்டிக்கரைக் காட்டுங்கள். ஐந்து பேரும் பெட்டிகளும் ஏறினால் பல கார்களில் பின் டயருக்குக் கூடுதல் அளவு சொல்லியிருப்பார்கள். அதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை.

டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கான அளவு அல்ல.

அளக்க வேண்டிய நேரம், கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, வெயில் ஏறும் முன். டயருக்குள் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி கூடினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ (கேஜில் காட்டும் காற்றழுத்த அலகு) கூடும். தாம்பரத்திலிருந்து விக்கிரவாண்டி வரை ஓட்டிவிட்டு பங்கில் அளந்தால், காலையில் 32 இருந்தது 36 என்று காட்டும். அதிகம் என்று நினைத்து 4 பிஎஸ்ஐ இறக்கிவிடுவார்கள். ஆறியபின் டயரில் இருப்பது 28. சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே வேண்டாம். சில நூறு ரூபாய்க்குச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொள்வது நல்லது. பங்க் மெஷின்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

நெடுஞ்சாலையில் டயர் வெடித்தால் வெயிலையும் சிமென்ட் சாலையையும் குற்றம் சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி காற்றுக் குறைவு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிகிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குப் பதினைந்து தடவை நடக்கும். அந்த மடிப்பில் பிறக்கும் சூடு ரப்பரையும் உள்ளே இருக்கும் நூலையும் பிரிக்கிறது. மே மாத வெயில் அதன் மேல் இன்னொரு சுமை. நைட்ரஜன் போட்டால் வெடிக்காது என்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் சரி, அதற்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து வயது. பக்கச்சுவரில் DOT (டி.ஓ.டி.) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பரின் வரிப்பள்ளங்கள், நன்றாக இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரை நெடும்பயணத்துக்கு நம்ப வேண்டாம். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அதற்கும் முன்பே மாற்றுங்கள். பட்டன் ஆழம் 1.6 மி.மீ. வந்தால் சட்டப்படி டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலத்தில் 3 மி.மீ. கீழே போனாலே தண்ணீரில் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, டயரின் உள்பக்க ஓரத்தையும் தடவிப் பாருங்கள். அலைன்மென்ட் (சக்கரங்களின் நேர்ச்சீர்) போன கார்களில் வெளியே புதுசு போலவும் உள்ளே மொட்டையாகவும் இருக்கும்.

பக்கச்சுவரில் கொப்புளம் தெரிந்தால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். பள்ளத்தில் அடிபட்டு உள்நூல் அறுந்ததன் அடையாளம் அது. இங்கேதான் வடிவமைப்பு குறுக்கே வருகிறது. மாருதி பலேனோ காரின் கீழ் வேரியண்டில் டயர் 185/65 ஆர்15 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்), மேல் வேரியண்டில் 195/55 ஆர்16. மொத்த உயரம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆனால் பக்கச்சுவர் 120 மி.மீ.லிருந்து 107 ஆகக் குறைகிறது. ஷோரூமில் பெரிய அலாய் அழகுதான். நம் சர்வீஸ் ரோட்டுப் பள்ளங்களுக்கு அந்த 13 மி.மீ. ரப்பர் அதைவிட உதவும்.

கடைசியாக ஸ்டெப்னி. வருடக்கணக்கில் அதற்கு யாரும் காற்றுப் பார்ப்பதில்லை. ஸ்டிக்கரில் சொன்னதற்கு 2, 3 பிஎஸ்ஐ கூடுதலாகவே வைத்திருங்கள், தேவைப்படும்போது இறக்கிக்கொள்ளலாம். மெலிந்த ஸ்டெப்னி என்றால் அதற்கான அழுத்தமும் வேறு, 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவும் கூடாது. ஜாக்கியும் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்காமல், வீட்டு வாசலிலேயே ஒரு நட்டைத் தளர்த்திப் பாருங்கள். கடையில் ஏர் கன்னால் இறுக்கிய நட்டு கைக்கு அசையாது.

ஓடும்போது டயர் வெடித்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, வேகம் தானாகக் குறைந்தபின் இடது ஓரம் ஒதுங்குங்கள். ஸ்டெப்னி மாட்டியபின் 50 கிலோமீட்டர் ஓட்டி, நட்டுகளை இன்னொரு முறை இறுக்கிப் பாருங்கள்.