வேறு ரெசிடென்சிக்குத் தாவும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி பிறந்தால் இரவு பதினோரு மணிக்கு மேல் எனக்கு ஃபோன் வரும். அமெரிக்காவில் ரெசிடென்சி (எம்பிபிஎஸ்ஸுக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சி) சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆன நம் ஊர்ப் பிள்ளைகள். "அண்ணா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். ஒரு மணி நேரம் ஓடிவிடும். இந்த வருஷம் முதலில் அழைத்தது மதுரைப் பக்கத்துப் பையன். இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்), முதல் வருஷம். "இந்த ப்ரோகிராம் எனக்குச் சரிப்படலைண்ணா. வேற ஒரு இடத்துக்கு எழுதினேன், இன்டர்வியூகூட முடிஞ்சது. எங்க ப்ரோகிராம் டைரக்டருக்கு இன்னும் தெரியாது."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பல வருஷத்துக்கு முன் நான் செய்த அதே வேலை.

விண்ணப்பத்தில் பிழை விடாதீர்கள், இன்டர்வியூவுக்கு நேரத்துக்குப் போங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. யுஎஸ்எம்எல்இ என்ற உரிமத் தேர்வைத் தாண்டி வந்தவருக்கு அது தெரியாதா என்ன.

இதை 'மாறுதல்' என்று நினைப்பது

நம் ஊர் அரசுப் பணியில் மாறுதல் என்றால் கலந்தாய்வு நடக்கும். காலியிடப் பட்டியல் வரும். ஆணை கைக்கு வந்ததும் பெட்டியைக் கட்டலாம். அந்த நினைப்பிலேயே பலர் இங்கேயும் 'ட்ரான்ஸ்ஃபர்' என்கிறார்கள். இங்கே ஆணை போடுகிற அலுவலகமே கிடையாது. ஏசிஜிஎம்இ என்ற அமைப்பு பயிற்சித் திட்டங்களுக்கு அங்கீகாரம் தரும். ரெசிடென்ட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பாது. நீங்கள் ஒரு வேலையை விடுகிறீர்கள், இன்னொருவர் உங்களைப் புதிதாக வேலைக்கு எடுக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

இடம் காலியாவதும் தற்செயல்தான். யாரோ ஸ்பெஷாலிட்டி மாறிப் போயிருப்பார், யாருக்கோ உடம்பு முடியாமல் போயிருக்கும். உங்கள் ஆண்டில், உங்கள் துறையில், நீங்கள் விரும்பும் ஊரில் அப்படி ஒன்று காலியாக வேண்டும்.

ஜூலையிலேயே அழைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என் பதில் சின்னது: மேட்ச் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் முறை) ஒப்பந்தப்படி, சேர்ந்த நாளிலிருந்து 45 நாள் அங்கே இருந்தாக வேண்டும். அதை முடித்துவிட்டு அழையுங்கள்.

பிப்ரவரியில் முடிவெடுப்பது

வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. ஐசியூ மாதம் முடிந்தால் நைட் ஃப்ளோட், அதாவது தொடர் இரவுப் பணி. நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்பது விதியின் உச்சவரம்பு; பிப்ரவரியில் அந்த வரம்பையே முகர்ந்துகொண்டுதான் முதல் வருஷக்காரரான இன்டர்ன் நடமாடுவார். அந்த நிலையில் எந்த ஊரும் நரகமாகத்தான் தெரியும்.

அழைப்பவர்களிடம் நான் ஒன்று கேட்பேன். உங்கள் இடத்திலேயே மூன்றாம் வருஷம் படிக்கிறவர்களைப் பாருங்கள், அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? சிரித்துப் பேசிக்கொண்டு, மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்றால் உங்கள் நோய்க்குப் பெயர் இன்டர்ன் வருஷம். ஜூலையில் புதியவர்கள் வந்து உங்கள் பேஜரை வாங்கிக்கொண்டதும் பாதி இறங்கிவிடும். அவர்களும் வாடி வதங்கித்தான் இருக்கிறார்கள் என்றால் இடத்தில் கோளாறு இருக்கலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு தங்கை படாத பாடு பட்டு ஓர் இன்டர்னல் மெடிசின் ப்ரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குப் போனாள். ஆறு மாதத்தில் மறுபடியும் அழைப்பு. வார்டு ரவுண்டே அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் மனசு ஆய்வுக்கூடத்தில், பேத்தாலஜியில் இருந்திருக்கிறது. ஊரை மாற்றியதில் அது எப்படித் தீரும்?

டைரக்டருக்குத் தெரியாமல் விண்ணப்பிப்பது

இதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பாதி என் மேல், பாதி என்னைப் பார்த்தும் அதையே செய்கிறவர்கள் மேல்.

நான் இன்டர்னாக இருந்தது நடுமேற்கில் ஒரு சிற்றூர். மனைவிக்கு வேலை நியூ ஜெர்சியில். இரண்டு விமானம் மாறிப் போய்ச் சேர அரை நாள் ஆகும். மாதத்துக்கு நான்கே நாள் விடுப்பு, அதுவும் சேர்ந்தாற்போல் வராது. நியூ ஜெர்சிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் இரண்டாம் ஆண்டு இடம் ஒன்று காலி என்று தெரிந்தது. எழுதினேன். இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள், வீடியோவில். மருத்துவமனைக்குள் யாராவது பார்த்துவிட்டால்? பார்க்கிங்கில் என் காருக்குள் உட்கார்ந்தேன். மேலே சட்டை, டை. கீழே ஸ்க்ரப்ஸ் பேன்ட். சத்தம் கேட்கக் கூடாதென்று எஞ்சினை அணைத்திருந்ததால் ஹீட்டர் இல்லை. பேசப் பேச மூச்சு கண்ணாடியில் படிந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது.

நன்றாகத்தான் போனது. கடைசியில் அந்த ஊர் டைரக்டர் கேட்டார்: "உங்கள் டைரக்டருக்கு இது தெரியும்தானே?" "இந்த வாரம் சொல்லப் போகிறேன்" என்றேன். சொல்லவில்லை. ஆஃபர் கடிதம் கையில் வந்ததும் சொல்லலாம் என்று ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு அடிப்படையிலேயே தப்பு. அப்போது எனக்குத் தெரியாது. இன்றைக்கு அழைக்கிற பிள்ளைகளுக்கும் தெரிவதில்லை. மாறி வருகிற ரெசிடென்ட்டை ஒரு ப்ரோகிராம் ஏற்றுக்கொள்வதற்கு *முன்பே*, அவர் இதுவரை என்னென்ன பயிற்சி பெற்றார், திறன்வாரியாக எப்படிச் செய்தார் என்ற மதிப்பீட்டைப் பழைய இடத்திலிருந்து எழுத்தில் வாங்கியாக வேண்டும் என்பது ஏசிஜிஎம்இ விதி. கடிதம் வாங்கிய பிறகு சொல்லலாம் என்ற வழியே இல்லை. உங்கள் டைரக்டர் எழுதிக் கொடுக்காமல் அந்தக் கடிதம் பிறக்காது.

மூன்றாம் நாள் வார்டில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் டைரக்டர் வந்தார். "என் அறைக்கு வா, கதவைச் சாத்து." மேசையில் ஒரு தாள். நியூ ஜெர்சி கோஆர்டினேட்டர் அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப் பிரதி. அவர் கத்தவில்லை. "வேலையில் பிரச்சினையா, வீட்டிலா?" என்று மட்டும் கேட்டார். வீடு என்றேன். "இதை அக்டோபரிலேயே சொல்லியிருக்கலாமே. அந்த ஊர் டைரக்டரும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள்" என்றார்.

அவர் பழிவாங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுதினார். மருத்துவ அறிவு நன்று, நோயாளி பராமரிப்பு நன்று. தொழில்முறை நடத்தை என்ற இடத்தில் மட்டும் ஒரு வரி: இடம் மாறும் எண்ணத்தை முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. மதிப்பீட்டுக் குழு கூடி அது தயாராக மூன்று வாரம் ஆனது. அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. மனைவி இரண்டரை வருஷம் தனியாக இருந்தாள்.

நான் அதே டைரக்டரின் கீழ் மிச்சக் காலத்தையும் ஓட்டினேன். ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) விண்ணப்பத்துக்கும் அவர் கடிதம்தான். இன்றைக்கும் ஒரு புதிய மருத்துவமனையில் சேர்ந்தாலோ, இன்னொரு மாநிலத்தில் உரிமம் கேட்டாலோ, சரிபார்ப்புப் படிவம் அதே அலுவலகத்துக்குத்தான் போகிறது. ரெசிடென்சி மூன்று வருஷம். அந்த அலுவலகத்தோடு உறவு ஓய்வு பெறும் வரை.

அப்படியென்றால் எப்போது சொல்வது? முடிவு உறுதியானதும், முதல் விண்ணப்பம் போவதற்கு முன். நேரில். மின்னஞ்சல் நேரம் கேட்க மட்டும். மதுரைப் பையனை வரைவு அனுப்பச் சொன்னேன். ஏழு பத்தி வந்தது. அம்மாவின் மூட்டுவலிகூட இருந்தது. இரண்டு வரியாக வெட்டினேன்: என் பயிற்சி பற்றி உங்களோடு பேச வேண்டும், இந்த வாரம் இருபது நிமிடம் கிடைக்குமா. இன்டர்வியூ முடிந்த பிறகு சொல்வது தாமதம்தான். அங்கிருந்து மின்னஞ்சல் வந்து தெரிவதைவிட மேல்.

டைரக்டர்தான் பிரச்சினையே என்றால்? அப்படியும் உண்டு, மறுக்கவில்லை. அப்போது மருத்துவமனையில் பயிற்சிகளைக் கவனிக்கும் ஜிஎம்இ அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே டிஐஓ என்று ஒருவர் இருப்பார், எல்லா ரெசிடென்சிகளுக்கும் பொறுப்பு அவர். அவருக்கும் மேலே வேண்டுமென்றால் ஏசிஜிஎம்இ-யில் குறைகேட்பாளர் இருக்கிறார். போவதற்கு முன் உங்கள் மதிப்பீடுகளையெல்லாம் ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள். பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சீஃப் ரெசிடென்ட்டிடம் முதலில் ரகசியமாகச் சொல்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள். சாயங்காலத்துக்குள் காபி மெஷின் வரை போய்விடும்.

ராஜினாமாவை முதலில் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

விசாவைக் கடைசியில் யோசிப்பது

பயிற்சிக்கு வருபவர்களுக்கான ஜே-1 விசா உங்களைக் குறிப்பிட்ட ப்ரோகிராமோடு கட்டிவைத்திருக்கிறது. டிஎஸ்-2019 படிவத்தில் இருக்கிற இடத்தில்தான் வேலை செய்யலாம். புது இடத்தில் கால் வைப்பதற்கு முன், மருத்துவர்களின் ஜே-1-க்குப் பொறுப்பேற்கும் இசிஎஃப்எம்ஜி அமைப்பின் ஒப்புதல் வேண்டும். ஸ்பெஷாலிட்டி மாறுவதென்றால் இன்னும் இறுக்கம்: ஒரே ஒரு முறைதான், அதுவும் ஜே-1 தொடங்கி 2 ஆண்டுக்குள். மூன்றாம் வருஷம் ஞானோதயம் வந்து பயனில்லை. மொத்தமே பொதுவாக 7 ஆண்டு என்ற வரம்பும் இருக்கிறது. ஃபெலோஷிப் கனவு இருப்பவர்கள் விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

எச்-1பி வேலை விசா என்றால் புது இடம் புதிதாக மனு போட வேண்டும். பல மருத்துவமனைகள் எச்-1பி பக்கமே போவதில்லை, ஜே-1 மட்டும்தான். இதை இன்டர்வியூ முடிந்து இரண்டு வாரம் கழித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்களை எனக்குத் தெரியும். முதல் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆண்டுகளும் பணமும் கூடவே வரும் என்று நம்புவது

முடித்த மாதங்களில் எவ்வளவு செல்லும் என்பதைப் புது டைரக்டரும், அந்தத் துறைக்குச் சான்றிதழ் தரும் போர்டும் தீர்மானிப்பார்கள். குடும்ப மருத்துவத்தில் கடைசி 2 ஆண்டையும் ஒரே இடத்தில் முடிக்கச் சொல்வார்கள். பொது அறுவை சிகிச்சையிலும் கடைசி 2 ஆண்டு ஒரே இடம். அறுவை சிகிச்சையில் மொத்தப் பயிற்சியும் மூன்று ப்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது.

பணக் கணக்கு பலர் காதிலேயே விழாதது. ரெசிடென்ட் பயிற்சிக்கு மருத்துவமனைக்கு மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு பணம் தருகிறது. நீங்கள் முதலில் சேர்ந்த துறைக்கு எத்தனை ஆண்டோ அத்தனை ஆண்டுக்குத்தான் நேரடிப் பயிற்சிச் செலவு முழுக் கணக்கில் வரும். இன்டர்னல் மெடிசினில் சேர்ந்தவருக்கு 3. ஒரு வருஷம் கழித்து 5 ஆண்டு சர்ஜரிக்கு முதலிலிருந்து போனால், அந்த 3 தீர்ந்த பிறகு அந்தப் பங்கில் பாதிதான். சில இடங்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. சில இடங்கள் விண்ணப்பத்தைத் தூக்கி ஓரமாக வைக்க இதுவே போதும்.

"2019-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஹானமன் மருத்துவமனை மூடியபோது ரெசிடென்ட்கள் நிதியோடுதானே வேறு இடம் போனார்கள்?" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். போனார்கள். மருத்துவமனையே மூடியதால் தந்த தற்காலிக ஏற்பாடு அது. நீங்களாக விலகினால் உங்கள் இடத்துக்கான நிதி உங்கள் பழைய மருத்துவமனையிலேயே தங்கிவிடும்.

புது இடத்தில் போய்ப் பழைய இடத்தைத் திட்டுவது

கேட்பவர் தலையாட்டுவார். உங்களை எடுக்க மாட்டார்.

அந்த நாற்காலியில் முன்பு இருந்தவரை விசாரிக்காமல் விடுவது

காலியிடம் என்றால் அங்கிருந்து ஒருவர் எழுந்து போயிருக்கிறார் என்று அர்த்தம். ஏன் போனார்? ஊருக்குப் புதிதாக வீடு பார்க்கப் போகிறவர்கூடப் பழைய வாடகைக்காரர் ஏன் காலி செய்தார் என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார். இன்டர்வியூவில் கேட்டால் "சொந்தக் காரணம்" என்பார்கள். அங்கேயுள்ள ரெசிடென்ட்களில் இரண்டாம் வருஷக்காரர் ஒருவரின் எண்ணை வாங்கி, டைரக்டர் இல்லாத நேரத்தில் பேசுங்கள். பலரும் ஆசைப்படும் டெர்மட்டாலஜி (தோல் மருத்துவம்) இடம் கிடைத்துப் போனார் என்றால் கவலை இல்லை.

மதுரைப் பையன் வியாழக்கிழமை தன் டைரக்டரைப் பார்த்துவிட்டு வந்து அழைத்தான். கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லிவிட்டாராம். சரி, அந்தப் புது இடத்தில் விசாரித்தாயா என்றேன். "கேட்டேண்ணா. இந்த ஒரு வருஷத்துல மட்டும் அங்கிருந்து மூணு பேர் போயிருக்காங்க."