ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் மெஷின் வாங்கலாமா? என் அனுபவம்

வீட்டில் நான், மனைவி, மகள் மூவரும் பேட்மின்டன் ஆடுகிறோம். மகள் அடிக்கிற ஸ்மாஷுக்கு எந்த நரம்பும் நிலைப்பதில்லை. கடையில் 24 பவுண்டு டென்ஷன் (நரம்பின் இறுக்கம்) கேட்டால் சில சமயம் தொளதொளவென்று வரும். சொந்தமாக மெஷின் வாங்கலாமா என்று கணக்குப் போட்டேன்.

ஒரு ராக்கெட்டுக்குச் சுமார் 10 மீட்டர் நரம்பு. 200 மீட்டர் சுருளாக வாங்கினால் இருபது ராக்கெட் கட்டலாம், தனிப் பாக்கெட்டைவிட மலிவு. ஆனாலும் மாதம் ஒன்றிரண்டு கட்டுபவர்களுக்கு மட்டும்தான் மெஷின் காசு திரும்பும். வருஷத்துக்கு இரண்டு என்றால் கடையே போதும்.

எலெக்ட்ரானிக் மெஷின் விலை தலைசுற்றியது. எடைக்கல் தொங்கும் வகையை எடுத்தேன். கல்லைத் தண்டில் நகர்த்தி டென்ஷன் வைத்து, இழுக்கும்போது தண்டு கிடைமட்டமாக நின்றால் அளவு சரி. வேகம் கிடையாது, துல்லியம் உண்டு. வாங்கும்போது நான் பார்த்தது ஃபிரேமை ஆறு இடத்தில் தாங்குகிறதா என்பதைத்தான். பேட்மின்டன் ஃபிரேம் மெல்லியது. இரண்டே இடத்தில் தாங்கினால் நெடுக்கு நரம்பு இழுக்கும்போதே வளைந்துவிடும்.

முதலில் கை பழக ஒரு பழைய ராக்கெட். அதற்கே ஒரு சாயங்காலம் போனது. குறுக்கு நரம்பை நெடுக்கைவிட ஒரு பவுண்டு கூட்டி வைத்தால் தலை வடிவம் மாறுவதில்லை. தேய்ந்த கிராமெட்டை (ஃபிரேம் துளையில் நரம்பு நுழையும் சின்ன பிளாஸ்டிக் குழாய்) மாற்றியபின் ஓரத்தில் அறுவதும் நின்றது. இப்போது பக்கத்து வீட்டுப் பையனும் ராக்கெட்டோடு வருகிறான், நரம்புக் காசு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.