பூசணம் பிடிக்காத சிரிப்பு: மறைந்த ஓவியரின் படங்களை மலையில் காப்பது எப்படி

ஓவியர் மறைந்த வீட்டில் பெரும்பாலும் முதலில் நடப்பது, படங்களை அடுக்கி ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுதான். சமவெளியில் அது ஓரளவு தாங்கும். நீலகிரியில் ஒரே மழைக்காலம் போதும். இரவில் தகரம் குளிர்ந்து, உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் மூடியில் துளித்துச் சொட்டும். அடுத்த கோடையில் திறந்தால் காகிதத்தில் பழுப்புப் புள்ளிகளும் சாம்பல் நிறப் பூசணமும் இருக்கும். ஊர்க்காரர்களைச் சிரிக்க வைத்த படங்கள் யார் கண்ணிலும் படாமலே பாழாகிவிடும். படங்களைக் காக்கவும் வேண்டும், மக்கள் பார்க்கவும் வேண்டும். குடும்பமும் அன்பர்களும் சேர்ந்தால் இரண்டும் நடக்கும்.

பங்கு பிரிக்கும் முன் பட்டியல் போடுங்கள். அண்ணனுக்கு நாலு, அக்காவுக்கு மூன்று என்று கை மாறிய பிறகு முழுக் கணக்கு எடுப்பது அநேகமாக முடியாத காரியம். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். அதை 2பி பென்சிலால், படத்தின் பின்புறம் கீழ் மூலையில், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் மை நாளடைவில் முன்பக்கம் வரை ஊறலாம். ஒட்டுத்தாளின் பசை மஞ்சளாகும். நோட்டில் எண், அளவு சென்டிமீட்டரில், எதில் வரைந்தது, எந்த வண்ணம், கையெழுத்து எங்கே, பழுது என்ன, இப்போது யாரிடம் என்று ஏழு கட்டங்கள் போதும். ஸ்கெட்ச் புத்தகங்களைப் பிரித்துத் தாள் தாளாக்க வேண்டாம். பாதி தீர்ந்த வண்ணக் குழாய்களையும் எறியாதீர்கள். பின்னாளில் பழுது நீக்குபவருக்கு எந்த வண்ணம் என்று அவைதான் சொல்லும்.

எட்டாவதாக ஒரு கட்டம் சேர்த்தால் அதுதான் பட்டியலிலேயே விலைமதிப்பானது: படத்தில் இருப்பவர் யார், எதற்காகச் சிரிக்கிறார்? சந்தையில் கேரட் மூட்டைமேல் உட்கார்ந்து தூங்குகிறவரின் பெயர் அவர் வயதுக்காரர்களுக்குத்தான் தெரியும். ஊரில் எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் படத்தைக் காட்டி, அவர்கள் பேசுவதைப் போனில் பதிவு செய்யுங்கள். படத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அவர்கள் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள். நீங்கள் அழகுபடுத்தினால் நகைச்சுவை செத்துவிடும்.

தேதி போடாத படங்களுக்குச் சில தடயங்கள் உதவும். சரிவு முழுக்க நீலமாகக் குறிஞ்சி பூத்திருந்தால் 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளைப் பாருங்கள். சில சரிவுகளில் இடைப்பட்ட ஆண்டுகளிலும் பூப்பதுண்டு என்பதால் அதை மட்டும் நம்பி ஆண்டைத் தீர்மானிக்க வேண்டாம். பேருந்தின் நிறம், கடைப் பலகை, மலை ரயில் எஞ்சின் ஆகியவற்றோடு ஒத்துப் பார்த்து, "சுமார்" என்று குறித்துவிட்டால் போதும்.

படம் பிடிக்க மூடுபனி நாளைப் போல வசதியான நாள் கிடையாது. பனி வெயிலைப் பரப்பி, எல்லாப் பக்கமும் ஒரே சீரான வெளிச்சம் தரும். காலை 11 முதல் 2 மணிக்குள், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, பெரிய ஜன்னலுக்கு எதிரே படத்தை நிறுத்துங்கள். போன் படத்துக்கு இணையாக இருக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது. கிட்டே போனால் ஓரங்கள் வளையும், ஆகவே ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாளும் அளவுகோலும் இருக்கட்டும். நிறத்தைச் சரிபார்க்க அந்த வெள்ளை தேவைப்படும். ஏ4 அளவுக்குள் இருப்பவற்றை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் கோப்பாக வையுங்கள், அனுப்புவதற்கு ஜேபெக் நகல். பென்சில் தூள் உதிரும் படங்களையும் சுண்ணக்கட்டி போன்ற பேஸ்டலால் வரைந்த படங்களையும் ஸ்கேனர் கண்ணாடியில் அழுத்தவே கூடாது. கோப்புப் பெயர் பட்டியல் எண்ணாகவே இருக்கட்டும். மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று கோவையிலோ சென்னையிலோ இருக்கும் உறவினர் வீட்டில்.

இனிப் பாதுகாப்பு. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் பூசணம் முளைக்கும். 45 முதல் 55 வரை நல்லது. சிறிய ஹைக்ரோமீட்டர் (ஈரப்பதமானி) ஒன்று வாங்கிப் படங்களை வைக்கும் பெட்டிக்குள், வெளியிலிருந்து தெரியும்படி வையுங்கள். அமிலமற்ற தாளை இடையிட்டுப் படங்களைப் படுக்கையாக அடுக்கி, இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கலாம். 60க்கு 45க்கு 10 சென்டிமீட்டர் பெட்டிக்கு ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் அரைக் கிலோ, துணிப்பையில், படத்தைத் தொடாமல். நீல நிற ஜெல்லில் கோபால்ட் நஞ்சு இருப்பதால் ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். அது பச்சையானதும் மின்சார ஓவன் அடுப்பில் 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் காய வைத்தால் மறுபடி பயன்படும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40க்குக் கீழே இறங்கினால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காகிதம் சுருளும். ஈரமான நாளில் வைத்து மூடினால் ஈரத்தையும் சேர்த்தே மூடுகிறோம். ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட நாட்களே இந்த வேலைக்கு ஏற்றவை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை, கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில் பெட்டியைத் திறக்காதீர்கள், ஹைக்ரோமீட்டரை மட்டும் பாருங்கள்.

பூசணம் ஏற்கெனவே பிடித்திருந்தால் ஈரத்துணி வேண்டாம், வெயிலும் வேண்டாம். அந்தப் படத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றோட்டமான நிழலில் சில நாள் உலரவிடுங்கள். பூசணம் பொடியான பிறகு, என்95 முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் அது காகித நாருக்குள் போய்விடும், பிறகு வராது. வண்ணம் பொரிந்திருந்தால் தொடாமல் ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் கேளுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இதற்கான ஆய்வகம் இருக்கிறது. லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறோம். பாசத்தோடு செய்வதுதான், ஆனால் சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது.

சுவரில் மாட்டுவதானால் வெளிச்சுவரையும் கணப்புச் சுவரையும் தவிருங்கள். முதலாவதில் ஈரம், இரண்டாவதில் புகைக்கரி. சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் ஒரு சென்டிமீட்டர் காற்றிடம் கிடைக்கும். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் (படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டை) இருக்க வேண்டும், படம் கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நீர்வண்ணத்துக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) வெளிச்சமே அதிகபட்சம். நீலகிரிப் பழங்குடியினரான ஆலு குறும்பரின் ஓவியங்களில் வரும் இலைச்சாற்றுப் பச்சை இன்னும் நொய்மையானது. கூடத்தில் நல்ல நகலை மாட்டி, மூலத்தைப் பெட்டியில் வைத்துவிடலாம்.

உரிமையை ஆரம்பத்திலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் பதிப்புரிமை, ஓவியர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 2024-ல் மறைந்தவருக்கு 2084 முடிய. படத்தை விலைக்கு வாங்கியவருக்குப் படம்தான் சொந்தம், அதை அச்சிடும் உரிமை தானாகப் போகாது. வாரிசுகள் பலர் என்றால் ஒருவரையே தொடர்பாளராக எழுத்தில் நியமியுங்கள். நாட்காட்டிக்கோ தேநீர்ப் பொட்டலத்துக்கோ அனுமதி கொடுத்தால் காலம், அளவு, எண்ணிக்கை மூன்றையும் எழுதுங்கள். காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

அன்பர்களிடம் முதலில் பணம் கேட்காதீர்கள், படம் கேளுங்கள். கல்யாணப் பரிசாக, கடன் தீர்க்க, டீக்கடைச் சுவருக்காக என்று வரைந்து கொடுத்தவை பல வீடுகளில் இருக்கும். திருப்பிக் கேட்கிறார்களோ என்ற பயத்தில் சிலர் மறைப்பார்கள். "படம் உங்களுடையதே, நகல் மட்டும் எடுக்கிறோம்" என்று கையெழுத்திட்டுக் கொடுத்தால் கதவு திறக்கும்.

கூடுவதற்கு நினைவு நாளைவிடப் பிறந்தநாள் பொருத்தம். சிரிக்கச் சிரிக்க வரைந்தவரின் படங்களைச் சோகத்தோடு பார்க்க வைக்க வேண்டியதில்லை. மழை மாதத்தில் பிறந்திருந்தால் மூலங்களை வெளியே எடுக்காமல் நகல்களை மட்டும் வையுங்கள். குழந்தைகளுக்குக் கோட்டுப்படங்களை ஏ3 தாளில் அச்சிட்டு, வண்ணம் தீட்டவும் வசனம் எழுதவும் விடுங்கள். தாளின் கீழே ஓவியரின் பெயரும் "நகல்" என்ற சொல்லும் இருக்கட்டும். அவர் முடிக்காத படத்தை முடித்து அவர் பெயரில் யாரும் விற்கக் கூடாது. வாசலில் ஒரு வெற்று நோட்டும் பென்சிலும் வையுங்கள். "எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது" என்று எழுதுகிறவர் தன் போன் எண்ணையும் எழுதட்டும், அந்த வாரத்துக்குள்ளேயே போய் நகல் எடுத்துப் பட்டியலில் அடுத்த எண்ணைப் போட்டுவிடுங்கள்.