123456789: அவசரப்பட்டால் சறுக்கும் இடங்கள்

கொக்குவிலில் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளுக்குக் காரணிகள் படிப்பிக்கத் தொடங்கினால் பலகையில் நான் எழுதுவது 123456789. பார்வைக்குச் சாதுவான எண். விழுத்துவதில் கெட்டிக்காரன்.

வாசிக்கும்போதே ஒரு சறுக்கல். வீட்டில் கோடி, புத்தகத்தில் மில்லியன்; இரண்டும் கலந்து "123 கோடி" என்பார்கள். மில்லியனில் 123, கோடியில் 12தான்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 45; அந்த 4ஐயும் 5ஐயும் திரும்பக் கூட்டினால் வரும் ஒற்றை இலக்கம், அதாவது இலக்கச் சுட்டி, 9. ஆகவே 3ஆலும் 9ஆலும் வகுபடும். அதோடு நிற்காமல், 45 ஐந்தாலும் வகுபடுகிறதே என்று எண்ணையே 5இன் மடங்காக்கிவிடுகிறவர்களும் உண்டு. 10, 100, 1000 எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 1. கூட்டிப் பார்க்கும் வழி பலிப்பது அதனால்தான். 5க்கு அந்த வழி செல்லாது, கடைசி இலக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். இங்கே அது 9.

சரி, 9ஆல் வகுத்தால் 13717421. பலரும் விழுவது இந்த இடத்தில். 7, 11, 13, 17 ஒன்றுக்கும் மசியாது.

"நூறு மட்டும் வகுத்துப் பாத்திட்டன் சேர், இது முதன்மைதான்."

நூறில் நிற்க யார் சொன்னது? ஓர் எண் முதன்மை, அதாவது 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது, என்று சொல்ல, அதன் வர்க்கமூலம் வரையுள்ள முதன்மை எண்கள் அத்தனையாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும். இதன் வர்க்கமூலம் 3703ஐச் சற்றுத் தாண்டும். வரிசையாகப் போனால் முதல் 503 முதன்மை எண்களும் கைவிரிக்கும். 504ஆவதான 3607இல்தான் பிடிபடும். 13717421 = 3607 × 3803. எல்லைக்கு இன்னும் பதின்மூன்று முதன்மை எண்களே மிச்சம். 3600 வரை பொறுமையாக வந்தவனும் தவறான விடையோடுதான் எழும்பியிருப்பான். சோதனையில் இவ்வளவு பெரிதாகக் கேட்கமாட்டார்கள்தான். ஆனால் 13ஓடு நிறுத்துகிற பிள்ளைக்கு 1003கூட முதன்மையாகத்தான் தெரியும். அது 17 × 59.

காரணிகள் எத்தனை? 3² × 3607 × 3803 என்பதில் சுட்டிகளை (அடுக்குகளான 2, 1, 1) அப்படியே பெருக்கி 2 என்று எழுதுவார்கள். ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிவிட்டுப் பெருக்க வேண்டும்: 3 × 2 × 2 = 12.

திருப்பி எழுதினால் குணமும் அப்படியே வரும் என்று நம்புவது இன்னொரு பிழை. 987654321உம் 9ஆல் வகுபடும். எந்த ஒழுங்கில் எழுதினாலும் கூட்டுத்தொகை 45தானே. ஆனால் அது 17ஆல் இரண்டு தரம் வகுபடும், நம்முடையது ஒரு தரமும் வகுபடாது.

பெரியதைச் சிறியதால் கல்குலேற்றரில் வகுத்தால் 8.000000073 என்று வரும். "கடைசியில நிக்கிறது கல்குலேற்றரின்ர பிழை சேர், சரியா எட்டு மடங்கு" என்று ஒரு பிள்ளை அடித்துச் சொன்னான். எட்டு மடங்கு என்றால் இரட்டை எண்ணாக வேண்டும், 987654321 ஒற்றை எண். கையால் பெருக்கச் சொன்னேன். 987654312 வந்தது. கடைசி இரண்டு இலக்கங்களும் இடம் மாறி நிற்கின்றன, மீதி 9.