திவால் வழக்கு வந்தால் உங்கள் ஆயுள் காப்புறுதி என்ன ஆகும்? படிப்படியாகப் பார்ப்போம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில், தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்குக் குடிவந்த குடும்பங்களுக்குக் கடன் வரும் வழிகள் தெரிந்தவைதான். வீடு, கார், வேண்டியவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து. கடன் முற்றி வக்கீல் கடிதம் வந்ததும் பலர் முதலில் கைவைப்பது ஆயுள் காப்புறுதியில். மாதக் கட்டணத்தை நிறுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால் பாலிசியை சரண்டர் செய்து, அதாவது இடையிலேயே முடித்துக்கொண்டு, வந்த பணத்தை அதிகமாகச் சத்தம் போடும் கடன்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். "எப்படியும் அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போகிறது, நாமே முந்திக்கொள்வோம்" என்ற பயம்.

அந்தப் பயம் பாதிதான் சரி. உங்களுக்குப் பிறகு வரும் பணம் முழுவதும் பெண்டாட்டி பிள்ளைகளுக்கே போவதும், கடன்காரர்களுக்குப் பங்கு பிரிக்கப்படுவதும் பெரும்பாலும் பாலிசியின் ஒரே ஒரு கட்டத்தைப் பொறுத்தது. நாமினி, அதாவது நீங்கள் இறந்தபின் பணத்தை வாங்க நியமிக்கப்பட்டவர், என்று யார் பெயரை எழுதினீர்கள்? காப்புறுதித் தொகை எத்தனை பெரியது என்பதைவிட இதுதான் முக்கியம். அவசரப்பட்டு எதையும் செய்வதற்கு முன் இந்தப் படிகளைப் பாருங்கள்.

படி 1: எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வக்கீல் கடிதம் வந்ததால் யாரும் திவாலாகிவிடுவதில்லை. கடன் கொடுத்தவர் முதலில் நீதிமன்றத் தீர்ப்பு வாங்க வேண்டும். அதற்குப் பிறகு திவால் நோட்டீஸ் வரும். அது உங்கள் கைக்கு வந்த 7 நாளுக்குள் பணம் கட்டவோ, பேசி முடிக்கவோ, எதிர்த்து மனுப்போடவோ வேண்டும். அதுவும் நடக்கவில்லை என்றால் திவால் மனு, கடைசியாகத் திவால் உத்தரவு. கடன் 1 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால் உங்கள்மேல் திவால் மனுவே போட முடியாது. 2021 செப்டம்பர் முதல் இதுதான் வரம்பு. அதற்கு முன் 50 ஆயிரமாக இருந்தது.

ஜாமீன் போட்டவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. படிப்புக் கடனுக்கோ, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வண்டிக்கோ, குடியிருக்கும் வீட்டுக்கோ லாப நோக்கம் இல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உங்களைத் திவாலாக்க முடியாது. மகனின் படிப்புக்கு ஜாமீன் நின்ற தகப்பன், தன் பாலிசியைப் பயத்தில் உடைக்கத் தேவையில்லை.

உத்தரவு இன்னும் வரவில்லை என்றால் ஈப்போவில் உள்ள ஏ.கே.பி.கே. கிளைக்குப் போய் வாருங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006ல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோசனை இலவசம். உங்கள் சார்பில் வங்கிகளோடு பேசி, கடன்களைச் சேர்த்து மாதம் ஒரு தொகையாகக் கட்ட ஏற்பாடு செய்வார்கள்.

படி 2: பாலிசிப் புத்தகத்தை வெளியே எடுங்கள்

அலமாரியிலோ சாமி மேடைக்குக் கீழோ எங்கே இருந்தாலும் சரி, எடுத்துவைத்துப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் கம்பெனிக் கிளையில் அடையாள அட்டையைக் காட்டி, பாலிசியின் இப்போதைய நிலையை எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

முதலில் பார்க்க வேண்டியது, உரிமையாளர் யார் என்பது. பிள்ளைக்காக எடுத்த கல்விப் பாலிசியாக இருந்தாலும் உரிமையாளர் என்று அப்பாவின் பெயர் இருந்தால் அது அப்பாவின் சொத்து. பிள்ளையின் பெயர் அதில் இருப்பதாலேயே அது தப்பிவிடும் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்து, பாலிசியில் பணமதிப்பு சேர்ந்திருக்கிறதா? தனியாக எடுத்த மருத்துவக் காப்புறுதி அட்டைக்கும், வெறும் தவணைக்கால ஆயுள் காப்புறுதிக்கும் சரண்டர் மதிப்பு கிடையாது. எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. முழு ஆயுள் பாலிசி, முதிர்வுப் பாலிசி, முதலீட்டோடு இணைந்த பாலிசி ஆகியவற்றில் மதிப்பு இருக்கும்.

பாலிசியை வங்கிக்கு எழுதிக்கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்த எம்.ஆர்.டி.ஏ. என்ற கடன் காப்புறுதி பொதுவாக வங்கிக்கு எழுதிக்கொடுத்ததாகவே இருக்கும். அந்தப் பணம் முதலில் வீட்டுக் கடனைத்தான் அடைக்கும்.

படி 3: நாமினி பெயரைப் பாருங்கள்

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் எட்டாவது அட்டவணை சொல்வது இது: முஸ்லிம் அல்லாத ஒருவர் தம் கணவனையோ மனைவியையோ பிள்ளையையோ நாமினியாக எழுதினால், அவர் இறந்தபின் வரும் காப்புறுதிப் பணம் அந்த நாமினிக்கான அறக்கட்டளைச் சொத்தாகிவிடும், அதாவது அவருக்கென்றே ஒதுக்கிவைத்த சொத்தாகிவிடும். மனைவியும் பிள்ளையும் இல்லாத நிலையில் அம்மாவையோ அப்பாவையோ எழுதினாலும் அப்படியே. அந்தப் பணம் இறந்தவரின் சொத்தில் சேராது. அவருடைய கடன்களுக்கும் அதிலிருந்து எடுக்க முடியாது. 1967ஆம் ஆண்டு திவால் சட்டமும், ஒருவர் மற்றவருக்காக அறக்கட்டளையாக வைத்திருக்கும் சொத்தைக் கடன்காரர்களுக்குப் பங்கிட வேண்டிய சொத்தில் சேர்ப்பதில்லை.

அண்ணன், தங்கை, மருமகன், நண்பர் என்று வேறு யாரை எழுதியிருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடையாது. கம்பெனி பணத்தை அவர் கையில்தான் கொடுக்கும். ஆனால் அவர் அதை உங்கள் சொத்தை நிர்வகிப்பவராக வாங்குகிறாரே தவிர, தமக்கென்று வாங்குவதில்லை. கடன்காரர்களுக்கு வழி திறந்துவிடும். கல்யாணமாகிப் பெண்டாட்டி இருக்கும்போது அம்மாவை நாமினியாக எழுதியவருக்கும் இதே கதிதான்.

நம் ஊர்களில் அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 22 வயதில் ஃபேக்டரி வேலைக்குச் சேர்ந்த பையன் பாலிசி எடுக்கிறான். கல்யாணம் ஆகவில்லை, அம்மா பெயரை எழுதுகிறான். அன்றைக்கு அது சரியான நியமனம், அறக்கட்டளைப் பாதுகாப்பும் உண்டு. அப்புறம் கல்யாணம், பிள்ளைகள். அம்மா காலமாகிறார். பாலிசியை யாரும் தொடவில்லை. நாமினி இறந்ததும் அந்த நியமனம் ரத்தாகிவிடுகிறது. பாதுகாப்பும் அதோடு போய்விடுகிறது. பையனுக்கு இப்போது 45 வயது, கடன் இருக்கிறது, நாமினி இடம் சட்டப்படி காலி. வீட்டில் யாருக்கும் தெரியாது. உங்கள் பாலிசியில் இறந்துபோன ஒருவரின் பெயர் இருந்தால் இந்த வாரமே மாற்றுங்கள்.

மாற்றுவது சுலபம். கம்பெனியில் நாமினி பாரம் கேளுங்கள். நிரப்பி, சாட்சி ஒருவர் முன் கையெழுத்துப் போடுங்கள். சாட்சிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், அவரே நாமினியாக இருக்கக் கூடாது. பாரத்தைக் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். கம்பெனி பதிவு செய்ததற்கான கடிதத்தை வாங்கிப் பாலிசியோடு வையுங்கள். கோயிலில் தாலி கட்டி, திருமணத்தைப் பதிவு செய்யாமலே விட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பதிவுச் சான்றிதழ் இல்லையென்றால் 'மனைவி' என்று நிரூபிப்பதிலேயே சிக்கல் வரும். அதையும் சேர்த்துச் சரிசெய்யுங்கள்.

இதையெல்லாம் கடன் தொல்லை வரும் முன்பே செய்ய வேண்டும். திவால் உத்தரவு வந்ததும் உங்கள் சொத்து திவால் இலாகாத் தலைமை இயக்குநர் வசம் போய்விடும். அதற்குப் பிறகு பெயரை மாற்றிப் பயனில்லை. கடன்காரர்களை ஏமாற்றுவதற்காகக் கடைசி நேரத்தில் கைமாற்றிய சொத்துகளைத் திரும்பிப் பார்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு. வழக்கு ஏற்கெனவே நடக்கிறது என்றால், நாமினியைத் தொடும் முன் வக்கீலிடம் கேளுங்கள்.

முஸ்லிம் வாசகர்களுக்கு: இந்த அறக்கட்டளை விதி உங்களுக்குப் பொருந்தாது. தக்காஃபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதிக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. அதில் ஹிபா (அன்பளிப்பு) முறையில் எழுதிவைக்க வழி உண்டு, உங்கள் தக்காஃபுல் கம்பெனியிடம் கேளுங்கள்.

படி 4: உயிரோடு இருக்கும்போது வரும் பணத்தைத் தனியாகப் பாருங்கள்

எட்டாவது அட்டவணை பேசுவது இறப்பில் வரும் பணத்தைப் பற்றி. பாலிசி முதிர்ந்து உங்கள் கைக்கு வரும் தொகையும், ரொக்கமாக வரும் போனஸும் அதே குடைக்குள் இருப்பதாக நினைக்காதீர்கள். திவாலில் இருக்கும் காலத்தில் அப்படிப் பணம் வந்தால் இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும். சரியான நாமினி இல்லாத பாலிசியின் சரண்டர் மதிப்பும் உங்கள் சொத்தாகவே கணக்கில் வரும்.

மனைவியையோ பிள்ளையையோ நாமினியாக எழுதியவர், அந்த அறக்கட்டளைச் சொத்துக்குப் பொறுப்பான அறங்காவலரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பாலிசியை சரண்டர் செய்யவோ அடகு வைக்கவோ நாமினியை மாற்றவோ முடியாது. தனியாக யாரையும் அறங்காவலராக நியமிக்கவில்லை என்றால், வயது வந்த நாமினியே அறங்காவலர். ஆகவே கடன்காரர் வற்புறுத்தினால் உங்கள் கையெழுத்து மட்டும் போதாது. மனைவிமார்களே, எதற்கென்று விளக்காமல் நீட்டப்படும் சரண்டர் பாரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

சேமநிதியைப் பற்றியும் பலர் கவலைப்படுகிறார்கள். ஈ.பி.எஃப். கணக்கில் இருக்கும் பணத்துக்கு அதன் சொந்தச் சட்டமே பாதுகாப்புக் கொடுக்கிறது. திவாலானாலும் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது.

படி 5: ஒன்றையும் மறைக்காமல் எழுதிக்கொடுங்கள்

உத்தரவு வந்துவிட்டால், சொத்து, கடன், வருமானம் எல்லாம் அடங்கிய நிலைமை அறிக்கையைத் திவால் இலாகாவில் கொடுக்க வேண்டும். பேராக்கில் இருப்பவர்களுக்கு ஈப்போவில் கிளை உண்டு. எல்லாப் பாலிசிகளையும் அதில் எழுதுங்கள், பாதுகாப்பு உள்ளதையும்தான். நாமினிப் பதிவுக் கடிதத்தின் நகலை இணைத்தால் கேள்வி குறையும். 2017 திருத்தம் கொண்டுவந்த, திவாலிலிருந்து தானாகவே விடுபடும் தானியங்கி விடுவிப்புக்கான மூன்று ஆண்டுக் கணக்கு இந்த அறிக்கையைக் கொடுத்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது. தள்ளிப்போட்டால் நஷ்டம் உங்களுக்கே.

மாதம் நீங்கள் கட்ட வேண்டிய தொகையை இலாகா முடிவு செய்யும்போது குடும்பச் செலவையும் பார்க்கும். காப்புறுதி, மருத்துவ அட்டைக் கட்டணங்களைச் செலவுப் பட்டியலில் ரசீதோடு காட்டுங்கள். உடம்பு கெட்ட வயதில் கைவிட்ட பாலிசியைப் பழைய விலைக்குத் திரும்ப வாங்க முடியாது. நாமினி சரியாக இருக்கும் பாலிசியைக் கடைசிவரை தொடரப் பாருங்கள் என்பதே என் கருத்து.

படி 6: நீங்கள் நாமினியாக இருக்கும் பாலிசிகள்

இதைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். திவாலில் இருந்து விடுபடும் முன் உங்களுக்கு வந்துசேரும் சொத்தும் இலாகா வசம் போகும். உங்கள் மனைவி தன் பாலிசியில் உங்களை மட்டும் நாமினியாக எழுதி, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தப் பணம் உங்கள் வழியாகக் கடன்காரர்களுக்குப் போய்விடலாம். பிள்ளைகளை நாமினியாக எழுதுவது பற்றி அவரோடு இப்போதே பேசுங்கள். ஏற்கெனவே உங்கள் பெயர் இருந்தால், முன்பு சொன்ன சம்மத விதியும் குறுக்கே வரும். அதனால் வக்கீலைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

படி 7: குடும்பத்தினர் காப்புறுதிப் பணத்தைக் கோரும்போது

கருமாதி முடிவதற்குள் கடன்காரர் வாசலில் வந்து நிற்பதும், "இன்சூரன்ஸ் பணம் வந்ததும் கொடுத்துவிடு" என்று விதவையிடம் கேட்பதும் நடக்கிறது. மனதை மிகவும் வருத்தும் விஷயம் இது. புருஷன் வாங்கிய கடனில் மனைவி சேர்ந்து கையெழுத்துப் போடவோ ஜாமீன் நிற்கவோ இல்லையென்றால், அந்தக் கடன் அவர் கடன் அல்ல. நாமினியாக அவருக்கு வந்த பணத்திலிருந்து கேட்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

மரணச் சான்றிதழ், அடையாள அட்டைகள், திருமணப் பதிவு அல்லது பிறப்புச் சான்றிதழ், பாலிசி, நாமினிப் பதிவுக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரே கம்பெனிக்குப் போங்கள். நாமினி சிறுபிள்ளையாக இருந்தால், வேறு அறங்காவலர் இல்லாதபட்சத்தில், உயிரோடு இருக்கும் தாயோ தகப்பனோ அறங்காவலராக இருந்து வாங்கலாம். இறந்தவர் திவாலில் இருந்தார் என்று சொல்லிப் பணத்தைத் தாமதித்தால், "நிதிச் சேவைகள் சட்டம், எட்டாவது அட்டவணை, பத்தி 5" என்று எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள்.